முட்டையை யார் நிறுத்தி வைக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் ஃபாலிகுலர் ஸ்டடிக்கு, அதாவது சினைப்பையை ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கும் பரிசோதனைக்குப் போய்வரும் பெண்கள், ஸ்கேன் முடிந்ததும் “முட்டை 18 எம்எம் வந்திருச்சு” என்று வீட்டுக்குப் போன் செய்வார்கள். திரையில் தெரிந்தது முட்டை இருக்கும் நீர்ப்பை, அதாவது ஃபாலிக்கிள். முட்டையின் குறுக்களவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஸ்கேனில் அதை அளக்கவே முடியாது. அந்தப் பைக்குள் முட்டையும் அதைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்களும் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முட்டையைச் சுற்றிக் கெட்டியான ஓர் உறை உண்டு. சுற்றுச் செல்கள் அதைத் துளைத்து மெல்லிய இழைகளை நீட்டி முட்டையைத் தொடுகின்றன. தொடும் இடத்தில் கனெக்சின் என்ற புரதத்தால் ஆன நுண்துளைகள். முட்டையால் குளுக்கோஸை அவ்வளவாகப் பயன்படுத்த முடியாது. சுற்றுச் செல்கள்தான் அதைப் பைருவேட்டாக மாற்றித் தருகின்றன. கனெக்சின் 37 இல்லாத எலிகள் மலடாகவே இருந்தன என்று 1997-ல் தெரிந்தது. அவற்றின் முட்டைகள் முழுதாக முதிரவே இல்லை.

சரி, முட்டை வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறதா? அதுதான் இல்லை. ஜிடிஎஃப் 9, பிஎம்பி 15 என்ற புரதங்களைச் சுரந்து, சுற்றுச் செல்களின் வளர்ச்சியையே அது நடத்துகிறது. நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறிகளில் பிஎம்பி 15 மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் இரட்டைக் குட்டிகள் கூடுதலாகப் பிறக்கும். இரண்டும் பழுதானால் அந்த ஆடு மலடு.

இன்னொரு விஷயம். பெண் குழந்தை பிறப்பதற்கு முன்பே முட்டைகள் செல்பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. 1935-ல் பின்கஸ், என்ஸ்மன் என்ற விஞ்ஞானிகள் முயலின் முட்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்தபோது, ஹார்மோன் எதுவும் சேர்க்காமலே அது விட்ட இடத்திலிருந்து பிரியத் தொடங்கியது. அப்படியானால் பைக்குள் இருக்கும் எதுவோ அதைத் தடுத்து வைத்திருக்க வேண்டும். அது என்ன என்று விளங்க முக்கால் நூற்றாண்டு ஆனது. சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறிய மூலக்கூறு சுற்றுச் செல்களில் உருவாகி, அந்த நுண்துளைகள் வழியாக முட்டைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அது வரும்வரை முட்டை அசையாது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் ஹார்மோன் பொங்கி வந்ததும் சைக்ளிக் ஜிஎம்பியின் அளவு சரிகிறது, துளைகள் மூடுகின்றன, முட்டை மறுபடி பிரியத் தொடங்குகிறது.

ஐவிஎஃப் சிகிச்சையில் போடும் ட்ரிக்கர் ஊசி செய்வதும் இதைத்தான். “ராத்திரி பத்தரைக்குக் கரெக்டா போட்டுடுங்கம்மா” என்று நர்ஸ் அழுத்திச் சொல்வது வெறும் கெடுபிடி இல்லை. அந்த நேரத்திலிருந்து சுமார் 36 மணி நேரம் கணக்கிட்டுத்தான் முட்டையை எடுப்பார்கள். மிகவும் முன்னதாக எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது. மிகவும் தாமதித்தால் பை வெடித்து முட்டை வெளியேறிவிடும். எப்படியோ ஊசி போடத் தாமதமாகிவிட்டதா, யாராவது திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போன் செய்து, போட்ட நேரத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். முட்டை எடுக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.