மரியாவின் விண்ணேற்பு: உடலுக்கு ஒரு பெருவிழா

அருள்தந்தை அவர்களே, பங்கு மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஆகஸ்டு 15 இங்கே சிங்கப்பூரில் விடுமுறை நாள் இல்லை. தமிழகத்தில் கோவில்பட்டி வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதாவின் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருக்கும் அதே நாளில், நாம் வேலை முடிந்து, கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையைக் கழற்றவும் மறந்து மாலைத் திருப்பலிக்கு ஓடி வருகிறோம். ஓடி வந்து எதைக் கொண்டாடுகிறோம் என்று கேட்டால், மாதா மோட்சத்துக்குப் போன நாள் என்று மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மரியாவின் ஆன்மா இறைவனிடம் சேர்ந்தது என்பதோடு திருச்சபை நின்றிருந்தால் இப்படியொரு விழாவுக்குத் தேவையே இருந்திராது. ஏனெனில் எல்லாப் புனிதர்களைப் பற்றியும் நாம் அதைத்தான் அறிக்கையிடுகிறோம். அவர் தம் உடலோடு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதே இவ்விழாவின் உயிர்நாடி.

1950ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். மரியா தம் மண்ணக வாழ்வை நிறைவு செய்தபின் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது அறிக்கையின் சாரம். அவர் இறந்தாரா, இறக்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டாரா என்ற கேள்விக்குள் கோட்பாட்டு வாசகம் நுழையவில்லை. விழாவோ கோட்பாட்டைவிட மிகப் பழையது. கிழக்கத்தியத் திருச்சபைகள் இதை இறையன்னையின் துயில் என்று கொண்டாடி வந்தன. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியப் பேரரசர் மொரீஸ் ஆகஸ்டு 15ஐ அதற்குரிய நாளாக நிலைநிறுத்தினார்.

இது விவிலியத்தில் எங்கே இருக்கிறது என்று பிற சபை நண்பர்கள் கேட்பதுண்டு. நேரடியாக ஒரு வரியும் இல்லை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சம் வேண்டாம். பேதுருவின் கல்லறையையும் பவுலின் கல்லறையையும் உரோமையில் போற்றிய திருச்சபை, புனிதர்களின் எலும்புகளுக்காக நகரங்கள் போட்டியிட்ட காலத்தில்கூட, மரியாவின் எலும்பு இதோ இருக்கிறது என்று காட்டவில்லை. எருசலேமில் கெதரோன் பள்ளத்தாக்கில் அவருடையதாகப் போற்றப்படும் கல்லறையும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இது நிரூபணம் ஆகாது. இருந்தாலும், இறந்தோரிலிருந்து எழுந்தவர்களுள் கிறிஸ்துவே முதற்கனி என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய பகுதியை இவ்விழாத் திருப்பலியில் வாசிக்கக் கேட்கும்போது, முதற்கனிக்குப் பின்வரும் அறுவடையைப் பற்றியே இவ்விழா பேசுகிறது என்பது விளங்கும். கிறிஸ்து தம் சொந்த வல்லமையால் ஏறினார். மரியா இறையருளால் எடுத்துக்கொள்ளப்பட்டார். நமக்கு வாக்களிக்கப்பட்டதை அவர் முந்திப் பெற்றிருக்கிறார்.

ஏன் 1950? உலகப்போர் ஓய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. போரைத் தூண்டி மனித உயிர்களை அழிக்கும் ஒரு காலத்தில், நம் உடலும் ஆன்மாவும் எத்தகைய உயர்ந்த இலக்குக்கென உள்ளவை என்பதை இவ்வறிக்கை தெளிவாகக் காட்டும் என்று திருத்தந்தையே தம் ஆவணத்தில் எழுதினார். தமிழராகிய நாம் இதை வேறொரு வலியோடு படிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் காட்டில் காலராவாலும் பசியாலும் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அங்கே மாண்ட நேச நாட்டு வீரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் தொழிலாளர்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. பாதை போடுவதற்கான கூலிக் கணக்காக மட்டும் எண்ணப்பட்ட அந்த உடல்களையும் கடவுள் மறக்கவில்லை என்று சொல்வதற்கு இவ்விழாவைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

நம் தீவிலும் கல்லறை நிலையானதன்று. 2001க்குப் பிறகு பிடாடரி இடுகாடு தோண்டப்பட்டது. இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 1998 முதல் சுவா சூ காங் இடுகாட்டில் ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகளே தவணை. அதன்பின் கிறிஸ்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தகனம் செய்கிறார்கள். அதை அறிவிக்கும் கடிதம் வரும்போது முதியவர்கள் கலங்குகிறார்கள்: உடல் உயிர்த்தெழும் என்கிறீர்கள், எந்த உடல்? திருச்சபை 1963இலேயே தகனத்தை அனுமதித்துவிட்டது; கடவுளின் வல்லமைக்குச் சாம்பல் ஒரு தடையாகாது. ஆயினும் அஸ்தியைத் தூவிவிடாமல், பொதுவாக வீட்டில் வைத்துக்கொள்ளாமல், புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் மீண்டும் வலியுறுத்தியது. அஸ்தி மாடத்தின் மூடுகல்லில் உள்ளங்கையளவுப் படம், பெயர், இரண்டு தேதிகள் இருக்கின்றன. அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போகும் பிள்ளை, அறிந்தோ அறியாமலோ இக்கோட்பாட்டைத்தான் அறிக்கையிடுகிறது.

விண்ணேற்பு என்றதும் ஓவியர்கள் மேகத்தையும் குழந்தை வானதூதர்களையும் தாராளமாக வரைந்துவிட்டார்கள். இவ்விழாவுக்குத் திருச்சபை தேர்ந்தெடுத்த நற்செய்தியில் மேகமே இல்லை. கருவுற்ற இளம்பெண் ஒருத்தி யூதேய மலைநாட்டுக்கு விரைகிறாள். முதிர்ந்த வயதில் பிள்ளைத்தாய்ச்சியான உறவினர் எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறாள். வலியோர் அரியணையிலிருந்து தள்ளப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவு பெறுவதையும் பாடுகிறாள். விண்ணகம் ஏற்றுக்கொண்டது நடந்து களைத்த, சுமந்து பெற்ற, பாலூட்டிய அந்த உடலைத்தான். படுக்கையில் கிடக்கும் தாய் தந்தையரைப் புரட்டித் துடைத்துவிட்டு வந்தவர்களும், அந்த வேலைக்கென்றே கடல் கடந்து வந்த பணிப்பெண்களும் நம் பங்கில் இந்த நற்செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஆண்டுதோறும் மறையுரையில் மேகங்களைப் பற்றியே பேசுகிறோமே என்பது என் குறை. அருள்தந்தை பொறுத்தருள வேண்டும்.