பதினாறாவது பையனும் ஆட வேண்டும்

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் என் வணக்கம்.

பள்ளிக் கால்பந்து அணியை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே இரண்டு கேள்விகள் வருகின்றன. எவ்வளவு செலவாகும்? போனால் ஜெயிப்பார்களா? முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்விதான் பல நல்ல பயணங்களைக் கெடுத்திருக்கிறது. ஜெயிப்பதற்காகப் போகிற அணி பதினோரு பையன்களுக்குத்தான் பயன்படும். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் 1975 முதல் கோதியா கோப்பை என்ற சர்வதேச சிறுவர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. இதே போல நார்வேயின் ஓஸ்லோவில் 1972 முதல் நார்வே கோப்பை, டென்மார்க்கில் 1982 முதல் டானா கோப்பை. கோதியா கோப்பைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. இத்தனை அணிகள் கூடும் இடத்தில், வருகிறவர்களில் பெரும்பாலோர் கோப்பை இல்லாமல்தான் ஊர் திரும்ப முடியும். அதைப் போட்டி நடத்துகிறவர்களும் யோசித்திருக்கிறார்கள். லீக் சுற்றில் முன்னே வந்த அணிகளுக்கு 'ஏ' பிரிவு நாக்-அவுட் (தோற்றால் வெளியேறும் ஆட்டங்கள்), பின்தங்கிய அணிகளுக்கு 'பி' பிரிவு நாக்-அவுட். லீக்கில் தோற்றவனுக்கும் அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது. சிறுவர் கால்பந்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

சரி, பையன் அங்கே போய் என்னதான் கற்றுக்கொள்கிறான்?

உள்ளூர் லீக்கில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பள்ளியின் லெஃப்ட் விங்கர் எந்தக் காலால் அடிப்பான், இந்தப் பள்ளியின் கோல்கீப்பர் எப்போது முன்னே ஓடி வருவான் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுவார்கள். வெளிநாட்டில் எதிரே நிற்பவனைப் பற்றி எதுவுமே தெரியாது. பயிற்சியாளருக்கும் தெரியாது. முதல் பத்து நிமிடத்தில் பையன்களே பார்த்து, பையன்களே ஒருவருக்கொருவர் சொல்லி, மார்க்கிங்கை, அதாவது எதிரணியில் யாரை யார் கவனித்துத் தடுப்பது என்பதை, மாற்றிக்கொள்ள வேண்டும். பயிற்சியாளரின் குரலை எதிர்பார்த்தே ஆடிப் பழகிய பையன்கள் அங்கேதான் வாய் திறக்கிறார்கள். ஒரு டிஃபெண்டர் தானாகக் கத்தி வரிசையை முன்னே நகர்த்துவதை முதல்முறை பார்க்கும்போது ஒரு பயிற்சியாளருக்கு ஏற்படும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

ஆடும் முறையும் நாட்டுக்கு நாடு, அணிக்கு அணி மாறும். 2019-ல் விதி மாறியபின், கோல் கிக் (தன் கோல் முன்னிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை) எடுக்கும்போது சக ஆட்டக்காரர் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள்ளேயே பந்தை வாங்கலாம். சில அணிகளில் சிறு பையன்கள்கூட இதை வைத்து கோல்கீப்பரிடமிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாக ஆட்டத்தைக் கட்டி வருவார்கள். வேறு சில அணிகள் நீளமாக அடித்துவிட்டு உடம்பால் மோத வரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் வளர்ச்சி ஒரே சீராக இருக்காது. அதே வயதுப் பையன் ஒரு தலை உயரமாக வந்து நிற்பான். அவனிடம் தோளால் மோதி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து இடம் எடுக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். அதைப் பயிற்சியில் ஓராண்டு சொல்லியும் ஏறாத பையன்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, நடுவர். அவருக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது. விசிலும் கைச்சைகையும் மட்டும்தான். ஒவ்வொரு ஃபவுலுக்கும் நடுவரைச் சுற்றி நின்று வாதாடிப் பழகியவன், வாதாட வழியில்லாமல் திரும்பி ஓடி தன் இடத்தில் நிற்கிறான். அந்தச் சில விநாடிகளில் எத்தனை கோல் தடுக்கப்படுகிறது தெரியுமா?

மைதானத்துக்கு வெளியேயும் நிறைய இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட போட்டிகளில் அணிகள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறைகளில்தான் தங்குகின்றன. படுக்கையைச் சுருட்டுவதும் ஜெர்சியைத் துவைப்பதும் பையன்களின் வேலை. செயற்கைப் புல்தரையில் ஆட வேண்டியிருக்கும். அடியில் நீளமான ஸ்டட் (குமிழ்) உள்ள பூட்ஸ் அதற்கு ஆகாது. நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்கு ஆட்டத்துக்கு முந்தின நாள் போய் இறங்குவது பையன்களின் உடம்புக்குச் செய்யும் கொடுமை. ஒரு மணி நேர வித்தியாசம் பழக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஜூலையில் இரவு வெகுநேரம் வெளிச்சம் இருக்கும், பையன்கள் தூங்க மாட்டார்கள். தூங்க வைப்பதும் பயிற்சியாளரின் பொறுப்புதான்.

இப்போது பதினாறாவது பையனுக்கு வருகிறேன். பதினாறு பேரை அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பையனும் விமானம் ஏறியவன், அவன் வீட்டிலும் பணம் கட்டியிருக்கிறார்கள், அவனும் அதே வகுப்பறைத் தரையில் படுத்திருக்கிறான். ஐந்து ஆட்டங்களில் அவனுக்குக் கடைசி மூன்று நிமிடங்கள் மட்டும் கொடுத்தால், அவன் எதைக் கற்றுக்கொண்டு திரும்புவான்? தான் தேவையில்லாதவன் என்பதை, அதுவும் அவ்வளவு தூரம் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஒரு ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பையனும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். கிளம்பும் முன்பே பயிற்சியாளர் இதைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுக்கட்டும். அரையிறுதி வந்ததும் மனம் மாறும். அப்போது அந்தக் காகிதம் அவரைக் காப்பாற்றும்.

யார் போவது என்பதிலும் இதே நியாயம்தான். பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்தால் அது பள்ளி அணி ஆகாது. பொது நிதி திரட்ட ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். காகித வேலையும் அப்படித்தான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும், பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். தந்தை வேறு ஊரில் வேலை செய்கிற பையன், பாஸ்போர்ட்டே எடுக்காத குடும்பத்துப் பையன், இவர்கள்தான் கடைசி நேரத்தில் விடுபடுகிறார்கள். அவர்களுடைய காகிதங்களை முதலில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மைதான ஓரத்தில் விசிட்டிங் கார்டோடு வந்து, "உங்கள் பையனுக்கு இங்கேயே கிளப் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை நாடு விட்டு நாடு கிளப் மாற்றுவதை ஃபிஃபா தடை செய்திருக்கிறது. விதிவிலக்குகள் சிலவே. முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

கடைசியாக, நம்மை வரவேற்று ஆடுகிற அணியைப் பற்றி. 1910-ல் கொரிந்தியன் என்ற இங்கிலாந்து அமெச்சூர் அணி பிரேசிலுக்குச் சுற்றுப்பயணம் போனது. சாவோ பாலோவில் அதன் ஆட்டத்தைப் பார்த்த ரயில்வே தொழிலாளர்கள் சிலர் அதே ஆண்டு அந்தப் பெயரிலேயே ஒரு கிளப் தொடங்கினார்கள். அந்த கொரிந்தியன்ஸ்தான் 2000-லும் 2012-லும் கிளப் உலகக் கோப்பையை வென்றது. போன அணியைவிடப் பார்த்தவர்கள் அதிகம் பெற்ற பயணம் அது. ஆகவே போய்வருவதோடு நிற்காதீர்கள், அவர்களை இங்கே அழையுங்கள். விருந்தாளி அணியைப் பையன்களின் வீடுகளிலேயே தங்கவைத்தால் செலவு குறையும். நம் பள்ளியில் பட்டியலில் இடம் கிடைக்காத பையன்களும் அவர்களோடு ஒரு ஆட்டம் ஆடலாம். அழைப்புக் கடிதத்தைத் தலைமையாசிரியர் பயணம் முடிந்த வாரமே எழுத வேண்டும். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அங்கே பயிற்சியாளர் மாறியிருப்பார், பையன்களும் அடுத்த வயதுப் பிரிவுக்குப் போயிருப்பார்கள்.