ஐந்து தாள் கனம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று மாற்றலாகி, முகாம் முகாமாக டார்ச் அடித்துக் கண் பார்த்தவன். ஊர்ப்பக்கம் என்னைக் ‘கண்ணு டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

இப்போது என்னை வழியில் நிறுத்துகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “சார், லேசர் பண்ணிக்கிட்டா கண்ணாடியைக் கழட்டிடலாமாமே, பண்ணலாமா?” கேட்பவர் பெரும்பாலும் கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற அப்பாவாக இருப்பார். இல்லாவிட்டால் போலீஸ், ராணுவம் என்று விடியற்காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பையன்.

‘லேசர்’ என்ற சொல்லிலேயே நம் ஊரில் ஒரு குழப்பம் இருக்கிறது. பாலக்கோடு முகாமில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கத்தி வேணாம் சாமி, லேசர் வெச்சுடச் சொல்லு” என்றார். அவருக்கு இருந்தது கண்புரை. இன்று புரைக்குச் செய்கிற சிறுதுளை அறுவையில் பெரும்பாலும் லேசரே கிடையாது. ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டால் வைக்கிற லேசர் வேறு, கண் நீர் அழுத்தத்துக்கு வைக்கிற லேசர் வேறு. நான் பேசப்போவது கண்ணாடிப் பவரை எடுக்கக் கருவிழியில் செய்கிற லேசரைப் பற்றி மட்டும். லேசிக் என்கிறார்களே, அதுவும் அதன் தம்பிமாரும்.

கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி கண்ணுக்கு முன்னால் மூடியிருக்கிற தெளிவான படலம். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சராசரியாக 540 மைக்ரான். ஜெராக்ஸ் கடையில் போடுகிற வெள்ளைத்தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் இருக்கும். ஐந்து தாளை அடுக்கி விரலால் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். லேசிக்கில் மேல் தாளை வட்டமாக அறுத்து, ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்க விட்டு, டப்பா மூடியைப் போலத் திறந்து மடிக்கிறார்கள். அடியில் இருப்பதை லேசர் செதுக்குகிறது. ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான். மைனஸ் 6 என்றால் 84, ஒரு தாள்கூட முழுசாக இல்லை. பிறகு மூடியை மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது, தானாக ஒட்டிக்கொள்ளும்.

“கண்ணைச் சுட்டுடாதா சார்?” என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் எக்சைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சினார். பட்ட இடம் மட்டும் உளியால் செதுக்கினாற்போல் போயிருந்தது, பக்கத்தில் கருகவில்லை. அவரும் கூட்டாளிகள் இருவரும் கண்ட அந்த விஷயம்தான் கண் லேசருக்கு அடிப்படை. அதனால் சுட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். மேசையில் படுத்திருக்கும்போது முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். கண் வெந்துவிட்டதோ என்று அதற்கும் பதற வேண்டாம்.

தொல்லை வருவது வேறு விதமாக. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் மகனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. அவன் சம்பாதித்த பணம், அவனே முடிவு செய்தான். தேதி குறித்த பிறகுதான் என்னிடம் சொன்னான். எல்லாப் பரிசோதனையும் பார்த்தார்கள், அறுவையும் குறையில்லாமல் நடந்தது. மறுநாள் காலை சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் ராகுகாலம் வரைக்கும் கட்டிலில் இருந்தபடியே படித்துக் காட்டினான். அவன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். சரி, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது. “அப்பா, கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு.”

லேசிக்கில் அதிகம் பேருக்கு வருகிற தொல்லை இந்த வறட்சிதான். கருவிழியில் நரம்புகள் ஏராளம். தூசி விழுந்தால் உயிர் போகிறதே, அதனால்தான். மூடியை அறுக்கும்போது அந்த நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்ந்திருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போவதில்லை, கண்ணீர் ஊறுவதும் இமைப்பதும் குறைகிறது. நரம்பு மறுபடி வளர ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். பெரும்பாலோருக்கு அதற்குள் தணிந்துவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். என் மகன் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். எட்டு மாதம் சட்டைப் பையில் சொட்டு மருந்தோடுதான் அலைந்தான்.

நாலாவது மாதம் சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து ராத்திரி காரில் திரும்பினோம். அவன்தான் ஓட்டினான். தொப்பூர் கணவாய் ஏறும்போது எதிர்ப்பாதையில் லாரிகள் வரிசையாக இறங்கி வருகின்றன. வண்டியை மெதுவாக்கிவிட்டு, “அப்பா, ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் வட்டம் கட்டியிருக்கு” என்றான். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை வரும் என்று என் பாட்டி சொல்வாள். அந்த மாதிரி வட்டம், லாரிக்கு இரண்டு. விபத்துக்குப் பேர்போன இடம் தொப்பூர், இந்தத் தர்மபுரி ஜில்லாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி நான் ஓட்டினேன். இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். விரியும்போது லேசர் செதுக்காத ஓரத்தின் வழியாகவும் வெளிச்சம் புகுந்து சிதறும். இதுவும் பலருக்கு மாதங்களில் குறைகிறது. இப்போது அவனே ஓட்டுகிறான், வட்டம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்கிறான். ராத்திரி வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் லேசருக்கு முன் இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் வட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் எதுவும் இல்லாதிருந்தவர்களில் 100-க்கு 46 பேர் வரை, 3 மாதம் கழித்து ஏதாவது ஒன்று புதிதாக வந்தது என்றார்கள். வறட்சியே இல்லாதிருந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அதே ஆய்வில் 95-க்கும் மேற்பட்டோர் பார்வை திருப்தி என்றார்கள். அன்றாட வேலையே முடியாத அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. விளம்பரத் தட்டியில் இதில் ஒரு பாதி மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டும்போது மறு பாதி மட்டும் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை உண்மையில் அஞ்ச வேண்டியது இன்னொன்று. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பள்ளிக்கூட முகாமில் ஆறாம் வகுப்பில் நான்தான் அவளுக்கு முதல் கண்ணாடி எழுதினேன். அப்போதே பார்த்தேன், இரண்டு கை முட்டியாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். அலர்ஜி அரிப்பு. “கசக்காதம்மா” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். இருபது வயதில் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று அப்பாவுக்குத்தான் பயம். நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது லேசர் செய்ய அழைத்துப்போனார்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கருவிழியை மேப் எடுத்துவிட்டு, “வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம். “பணம் கட்டத் தயாரா இருக்கேன், மாட்டேன்றாங்க சார்” என்று அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். மழை அளவு வரைபடம் மாதிரி வண்ணம் வண்ணமாக இருக்கும் அந்தப் படம். சிவப்பு என்றால் அங்கே வளைவு அதிகம். இரண்டு கண்ணிலும் நடுவுக்குக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஒரே வருடத்தில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்குக் கொடுக்கிற பவர், 1-லிருந்து 1.75 ஆகியிருந்தது.

கருவிழி பலவீனமாகி, கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி புடைத்துக்கொண்டு வருகிற நோய் அது. கெரட்டோகோனஸ் என்று பெயர். கண்ணைக் கசக்குகிற பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆரம்பத்தில் சாதாரண சிலிண்டர் பவர் மாதிரிதான் தெரியும். கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏற்கெனவே தளர்ந்த ஐந்து தாளில் ஒன்றை அறுத்து, இன்னொன்றைச் செதுக்கினால் மிச்சம் இருப்பது கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்தைத் தாங்காது, பிதுங்கும். கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாத நிலை வரும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரைக்கும் போகும். நோயே இல்லாத கண்ணிலும் அளவுக்கு மீறிச் செதுக்கினால் இதே கதிதான். கனம் 480, பவர் மைனஸ் 8 என்று வையுங்கள். மூடிக்கு 110, செதுக்க 112, மீதி 258. அடியில் 250-ஆவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது பலர் 300-க்குக் குறைந்தால் தொட மாட்டார்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: என் கருவிழி கனம் எவ்வளவு, செதுக்கியபின் எவ்வளவு மிஞ்சும்?

அந்த அப்பா என்னிடமும் சமாதானமாகவில்லை. வேறு ஓர் இடத்தில் விசாரித்தாராம், இன்றைக்கு வந்தால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார்களாம். நல்லவேளையாக அந்தப் பெண்ணே, “எனக்கு வேணாம்ப்பா, கண்ணாடியோடவே இருக்கேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு கண்ணிலும் கருவிழியை இறுகச் செய்கிற சிகிச்சை நடந்தது. வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டுவார்கள். புடைப்பு அதோடு நின்றிருக்கிறது. கல்யாணமும் குறித்த தேதியில்தான் நடந்தது, கண்ணாடியோடு.

அதனால் லேசர் செய்கிற நாளைவிடப் பரிசோதனை நாள் பெரிது என்பேன். 18 வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டாக்டர் சொல்கிற நாள் வரை, மெத்தென்ற லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரமாவது, கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் மேப்பே தப்பாக வரும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் பொறுத்திருக்கலாம். மூட்டுவாதம், கட்டுக்குள் வராத சர்க்கரை, முகப்பருவுக்கு மாத்திரை, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூடி விஷயத்துக்கு வருகிறேன். அது ஒட்டிக்கொள்ளும் என்றேன், பழைய பலத்தோடு ஒட்டாது. முதல் சில நாளில் கசக்கினால் சுருங்கும், நகரும். வருடங்கள் கழித்துக்கூட பலமாக அடிபட்டு மூடி விலகியது உண்டு. லேசர் செய்து இரண்டாவது வாரமே ஒகேனக்கல் போய், தலையிலிருந்து கால் வரை எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் நின்ற ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். கண் செக்கச்செவேல் என்று வந்தான். நல்ல நேரம், சொட்டு மருந்தோடு போயிற்று. கபடி ஆடுகிறவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் இறங்குகிறவர்கள், ராணுவத்துக்குப் போகிறவர்கள் மூடி இல்லாத முறையைக் கேட்கலாம். மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்குகிற முறை ஒன்று. மூன்று நாலு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய நாளாகும், சிலருக்குப் புகை படிந்த மாதிரி ஆகும். ஸ்மைல் என்பது இன்னொன்று, சின்னத் துளை வழியாகக் கருவிழிக்குள்ளிருந்தே மெல்லிய வில்லை மாதிரி ஒரு துண்டை உருவி எடுப்பது. அதில் மூடித் தொல்லை இல்லை, வறட்சியும் கொஞ்சம் குறைவு. புடைக்கிற ஆபத்து மட்டும் எதிலும் முழுசாகப் போகாது. வேலைக்காகச் செய்கிறவர்கள் முதலில் அந்தத் தேர்வு அறிவிப்பைப் படியுங்கள், லேசர் செய்த கண்ணுக்கு ஒவ்வொரு பணியிலும் விதி வேறு.

கிருமித் தொற்று அபூர்வம், வந்தால் பார்வையையே கேட்கும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றைக்கே அறுவை செய்த இடத்துக்கு ஓடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் விட வேண்டாம். மருந்துக்கடையில் பழைய பாட்டிலைக் காட்டி அதே சொட்டை மாதக்கணக்கில் வாங்கி விடுவது அதைவிட மோசம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் சத்தமில்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

நாற்பது தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரும், லேசர் செய்திருந்தாலும் வரும். மைனஸ் 8 கண், லேசருக்குப் பிறகும் உள்ளே நீளமான மைனஸ் 8 கண்தான், விழித்திரை விலகுகிற ஆபத்து அப்படியேதான் இருக்கும். திடீரென்று மின்னல் வெட்டு, கரும்புள்ளி மழை, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி தெரிந்தால் விழித்திரை விலகுவதாக இருக்கலாம், ராத்திரி என்றும் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

கடைசியாக ஒரு காகித விஷயம். லேசர் செய்த கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தம் கருவியில் குறைவாகக் காட்டும், கண் அழுத்த நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். அறுபது வயதில் புரை வரும்போது உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிடுவதும் குழம்பும். அப்போது டாக்டர் கேட்பது லேசருக்கு முன்னால் எடுத்த பவர், வளைவு, கனம் எழுதிய தாளைத்தான். அது இல்லாமல் வந்து முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் மகனுடைய தாள் எங்கள் வீட்டுப் பீரோவில், பட்டா வைத்திருக்கிற பையிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன், அவனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.