ஒளி பட்டால் மட்டும் வேலை செய்யும் மருந்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மும்பையின் தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் பல்வலி என்று என்னிடம் வரும் நம் மக்கள் பலருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கிறது. மாவா, குட்கா, மிஷ்ரி, புகையிலை சேர்த்த வெற்றிலை என ஏதோ ஒன்றை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்த இடம் அது. வலிக்காது, அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லாத் திட்டும் புற்றாக மாறுவதில்லை. எது மாறும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. திட்டிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்தாக வேண்டும். சிவப்புத் திட்டு என்றால் இன்னும் ஆபத்து.

"கத்தி வைப்பீர்களா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பிறகு வருவதே இல்லை. அவர்களை எண்ணித்தான், மருந்தையும் ஒளியையும் கொண்டு செய்யும் 'ஃபோட்டோடைனமிக்' சிகிச்சையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

1900-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டபோது மடிவதைக் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் இது. அமினோலெவுலினிக் அமிலத்தைத் திட்டின்மேல் தடவுவார்கள், அல்லது குடிக்கக் கொடுப்பார்கள். உயிரணுக்கள் அதை ஒளியை உள்வாங்கும் ஒரு பொருளாக மாற்றுகின்றன. கெட்டுப்போன உயிரணுக்களில் அது கூடுதலாகத் தேங்குகிறது. சில மணி நேரம் கழித்து, சுமார் 635 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை அங்கே பாய்ச்சுகிறார்கள். உயிரணுவிலுள்ள ஆக்சிஜன் வீரியம் கொண்டு அந்த உயிரணுவையே அழிக்கிறது. ஒளி படாத இடத்தில் மருந்து சும்மா இருக்கும்.

ஒளி பாயும்போது எரிச்சலும் வலியும் உண்டு, மறைக்க மாட்டேன். குடித்த மருந்தென்றால் ஓரிரு நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. வேறு சில மருந்துகளுக்கு வாரக்கணக்கில் இந்தக் கட்டுப்பாடு நீளும். ஆனால் தழும்பு குறைவு, நாக்கின் அசைவும் பேச்சும் பெரிதும் காப்பாற்றப்படுகின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சையை ஒரே இடத்தில் ஓர் அளவுக்குமேல் கொடுக்க முடியாது. இதைத் தேவைப்பட்டால் அதே இடத்தில் மறுபடியும் செய்யலாம்.

ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் நன்றாக இறங்கும். கழுத்தில் கட்டி தெரியும் நிலையில் வருகிறவருக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் நழுவிவிடுகிறது. அவருக்கு அறுவை சிகிச்சைதான் வழி. கத்திக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் கத்தியிடமே போய்ச் சேர்வதைப் பார்க்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

இந்த ஒளியைத் தரும் லேசர் கருவியின் விலை மிக அதிகம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, பேட்டரியில் இயங்கும் மலிவான எல்இடி கருவியை ஆரம்பநிலை வாய்ப்புற்று நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். நம் ஊருக்குத் தேவை இதுபோன்ற கருவிதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இச்சிகிச்சை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, பரிசோதனை கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, திட்டோ, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுக்கமோ இருந்தால், மும்பை சென்ட்ரலில் உள்ள மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவமனைக்கோ, சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போய்க் காட்டுங்கள். மாவா பொட்டலத்தை இன்றே விட்டுவிடுங்கள். அதைத் தொடர்ந்தால், எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் திட்டு திரும்ப வரக்கூடும்.