புதுசு வந்தாச்சு, பழசு எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம். வேலை மும்முரத்தில் இருக்கும்போது கணினித் திரையின் மூலையில் 'புதிய அப்டேட் வந்திருக்கிறது' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்திவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். அந்தப் பெட்டியாவது வந்து கேட்கிறது. கேட்காமலே கணினிக்குள் கிடக்கிற ஒன்றைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு ரன்டைம் என்று பெயர். தமிழில் இயக்கச் சூழல் என்கிறோம்.

ஜாவாவிலோ பைத்தானிலோ ஒருவர் நிரல் எழுதுகிறார். கணினியின் சில்லுக்கு அந்த மொழி நேரடியாகப் புரியாது. நடுவில் இன்னொரு மென்பொருள் உட்கார்ந்து அதை ஓட்ட வேண்டும். நினைவகம் ஒதுக்குவது, கோப்பைத் திறப்பது, இணையத்தில் வரும் தகவலை வாங்குவது, மறைகுறியாக்கம் செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. அதுதான் ரன்டைம். நிரல் எழுதியவர் கவனமாக எழுதியிருக்கலாம். கீழே ரன்டைமில் ஓட்டை இருந்தால் அவருடைய கவனத்தால் பெரிய பலன் இல்லை. சரி, அப்படி என்ன ஓட்டை வந்துவிடும்? எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

2022 ஏப்ரலில் வெளியே வந்த விஷயம். கண்டுபிடித்தவர் நீல் மேடன் என்ற பாதுகாப்பு நிபுணர். முந்தைய நவம்பரிலேயே அவர், ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டார். விஷயம் டிஜிட்டல் கையெழுத்து பற்றியது. நாம் ஒரு தளத்தில் உள்நுழையும்போது 'இவர் இன்னார்தான்' என்று ஒரு டோக்கன் கைமாறும். அது போலியா என்று பார்க்க அதில் ஒரு கையெழுத்து இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அந்தக் கையெழுத்து என்பது இரண்டு எண்கள், மிகப் பெரிய எண்கள். சரிபார்க்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டில் ஏதாவது பூஜ்யமா என்று பார்ப்பது. பூஜ்யமாக இருந்தால் அங்கேயே தள்ளிவிட வேண்டும். காரணம் எளிது. பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். செய்தி என்ன, யாருடைய டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போட்டது என்பதெல்லாம் கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகும். கடைசியில் இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். இரண்டும் சமம், கையெழுத்து சரி என்று முடிந்துவிடும்.

2020 செப்டம்பரில் ஜாவா 15 வந்தது. அதுவரை சி++ மொழியில் இருந்த இந்தச் சரிபார்ப்புப் பகுதியை அதில் ஜாவாவிலேயே புதிதாக எழுதினார்கள். நல்ல முடிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றி எழுதும்போது அந்தப் பூஜ்யச் சோதனை விட்டுப்போய்விட்டது. கையெழுத்துப் போடுகிற இடம் காலியாக இருக்கும் காசோலையை வாங்கிப் பார்த்துவிட்டு, 'சரி, செல்லும்' என்று காசாளர் பணத்தை எண்ணிக் கொடுத்தது போல. யார் பெயரில் வேண்டுமானாலும் காசோலை கொடுக்கலாம், கையெழுத்தைப் போலி செய்யப் பழகக்கூட வேண்டாம்! ஜாவா 15, 16, 17, 18 நான்கிலும் இந்த ஓட்டை இருந்தது. ஓராண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. ஆரக்கிள் இதன் கடுமைக்கு 10-க்கு 7.5 மதிப்பெண் கொடுத்தது. என்னைக் கேட்டால் அது கஞ்சத்தனம்.

இந்த இடத்தில் கேட்பவர்களில் ஒருவர் கட்டாயம் சிரிப்பார். 'ஜாவா 8-லும் 11-லும் இந்த ஓட்டை இல்லையே, அப்படியானால் பழசிலேயே இருந்தவன்தானே பிழைத்தான்?' நியாயமான கேள்வி. இந்த ஓட்டையிலிருந்து பிழைத்தான், உண்மை. ஆனால் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. எத்தனையாவது பதிப்பு என்பது ஒன்று. அந்தப் பதிப்புக்கு இதுவரை வந்த திருத்தங்களைப் போட்டாயா என்பது இன்னொன்று. 8-லேயே இருக்கலாம். நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பு அது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்கு ஒருமுறை வரும் திருத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் போதும். 'எங்களிடம் ஜாவா 8 இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அது பதில் ஆகாது. 8-இல் எத்தனையாவது அப்டேட்?

அந்தச் சின்ன எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 டிசம்பரே போதும். லாக்4ஷெல் என்ற ஓட்டையால் உலகம் முழுக்கத் தொழில்நுட்பக்காரர்கள் தூக்கமில்லாமல் அலைந்தார்கள். அது ரன்டைமில் இருந்த ஓட்டை இல்லை, லாக்4ஜே என்ற பதிவேட்டு நூலகத்தில், அதாவது நிரலில் நடப்பதைக் குறித்துவைக்கப் பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தி வெளியிலிருந்து நிரலை இழுத்து ஓட்டுவதற்கான மிக எளிய வழி, 2018 அக்டோபரில் வந்த ஜாவா 8-இன் 191-ஆம் அப்டேட்டிலேயே இயல்பாக அடைக்கப்பட்டிருந்தது. வேறு வழிகள் இருந்தன, முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சாதாரண அப்டேட், பிறகு வரப்போகும் ஓட்டைக்கே ஒரு தடுப்பாக நின்றது. 8 என்ற எண் மட்டும் தெரிந்தவருக்குத் தன்னிடம் அந்தத் தடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரிந்திருக்காது.

அப்புறம் தலைப்பில் கேட்ட கேள்வி. புதுசு போட்டாச்சு, பழசு எங்கே போச்சு? எங்கேயும் போகாமல் அங்கேயே இருந்திருக்கலாம். பழைய அலுவலகக் கணினிகளில் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி: ஜாவா 6, அதன் கீழே ஜாவா 7, அதன் கீழே வேறு எண்ணோடு மறுபடியும் ஜாவா 7. ஒன்றுகூட வீட்டைக் காலி செய்யவில்லை. அமெரிக்காவின் வணிக ஆணையம், எஃப்டிசி, இதை ஆரக்கிளிடமே கேட்டது. அப்டேட் செய்தால் கணினி பாதுகாப்பாகிவிடும் என்று பயனர்களிடம் சொன்னீர்கள், ஆனால் உங்கள் அப்டேட் கடைசியாக இருந்த ஒரு பழைய பதிப்பை மட்டும்தான் நீக்கியது, அதற்கு முந்தியவை அப்படியே கிடந்தன என்பது குற்றச்சாட்டு. 2015 டிசம்பரில் உடன்பாடு ஆனது. பயனர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, பழையதை நீக்க வழி செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அப்டேட் பொத்தானை ஒழுங்காக அழுத்தியவர்களுக்கே இந்தக் கதி என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று நிலைமை வேறு மாதிரி. ஜாவா 11 முதல் ஆரக்கிள் ரன்டைமைத் தனியாகத் தருவதில்லை. பல செயலிகள் தமக்கான ரன்டைமைத் தம் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வருகின்றன. இணையத்தள நிரலைக் கொண்டே கணினிச் செயலி செய்ய உதவும் எலக்ட்ரான் முறையில் செய்த அரட்டைச் செயலிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் குரோமியம் என்ற ஒரு உலாவி, நோட் ஜேஎஸ் என்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம். 2023-இல் வெப்பி என்ற வகைப் படங்களைத் திறக்கும் நூலகத்தில் ஓட்டை வந்தபோது உலாவியைப் புதுப்பித்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகப் புது வெளியீடு கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காத செயலிக்குள் ஓட்டை அப்படியே. ஆகவே நிறுவிய பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். செயலிகளின் கோப்புறைகளுக்குள்ளும் தேட வேண்டும். எத்தனை பிரதி இருக்கிறது என்று தெரியாமல் எதைப் புதுப்பிப்பது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். ஆதரவு முடிந்த பதிப்புகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றது, அதில் இன்னும் ஓடும் நிரல் இருந்தால் மாற்றும் தேதியை இந்த வாரமே குறியுங்கள். சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ரன்டைமைப் புதுப்பித்ததும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி மறுபடி துவக்குங்கள். வட்டில் புதியது இருந்தாலும், நிறுத்தும்வரை நினைவகத்தில் பழையதுதான் ஓடும். நிரலையும் ரன்டைமையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கண்டெய்னர்கள் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்கு நேரம் இல்லை. வணக்கம்.