மண்ணுக்கு டிஎம்சி கிடையாது

எல்லோருக்கும் வணக்கம்.

தேற்றாங்கொட்டையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, நாலைந்து நரைத்த தலைகள் மட்டும்தான்.

என் பாட்டி மேட்டூர் அணை வருவதற்கு முன்பே டெல்டாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆடியில் புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று வருமாம். பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் படியும். தெளிந்ததைக் குடித்துவிட்டு, அடியில் தங்கியதை வாழைக்குக் கொட்டுவார்களாம். அந்தக் கலங்கலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

காவிரி என்றாலே நமக்கு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடித் தண்ணீர்க் கணக்கு. எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புள்ளிக்குப் பின்னால் வரும் 25-ஐக்கூட நாம் விட்டுக்கொடுப்பதில்லை, விடவும் கூடாது. ஆனால் வண்டல் எவ்வளவு வர வேண்டும் என்று எந்தப் போராட்டத்திலும் ஒரு முழக்கம் கேட்டதில்லை. இத்தனைக்கும் நாம் நெல் நடுகிற நிலமே காவிரி சுமந்துவந்து கொட்டியதுதான்.

இந்தச் சுமையில் கைவைத்தால் ஆறு எப்படித் திருப்பிக்கொள்ளும் என்பதற்கு திருச்சிப் பக்கத்து முக்கொம்பைவிட நல்ல பாடம் இல்லை. அங்கே ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆங்கிலேய எஞ்சினியர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடம் பிரிகிற தலைப்பில் மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. கதை அங்கே முடியவில்லை. காவிரி தன் படுகையைத் தானே அரித்து ஆழமாக்கிக்கொண்டு, அளவுக்கு மேல் தண்ணீரை இழுக்க ஆரம்பித்தது! பத்தாண்டுக்குள் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள். காவிரித் தலைப்பில் குறுக்கே தரைமட்டத்துக்கு ஒரு சுவரும் எழுப்பினார்கள். தண்ணீருக்குத் தடை போட்டால் மணலும் கணக்குக் கேட்கும் என்று அந்த எஞ்சினியர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கல்லணையில் காட்டன் வைத்த மதகுகளுக்குப் பெயரே மணல்போக்கிதான்.

அப்புறம் 1934-இல் மேட்டூர் அணை. 93.47 டிஎம்சி கொள்ளளவு. 1924 வெள்ளத்தின் அழிவைக் கண்டவர்கள் அந்த அணையைக் கும்பிட்டிருப்பார்கள், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீர்தான் மண்ணைச் சுமக்கும். நின்றால் இறக்கி வைத்துவிடும். கனமான மணல் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டிலேயே விழும், மெல்லிய களி உள்ளே போய்ப் படியும். மதகு வழியாக வருவது சுமை இறங்கிய தண்ணீர். அது சும்மா வராது, வழியில் கிடைக்கிற படுகையைச் சுரண்டிக்கொண்டு வரும்.

சுரண்டுவதற்கு நாமும் துணை போனோம். லாரி லாரியாக மணலை அள்ளினோம். படுகை இறங்க இறங்க, வாய்க்கால் தலைப்பு மேடாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. கடைமடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் டிஎம்சி பற்றிப் பேசமாட்டார், இதைத்தான் சொல்வார். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் காட்டன் கட்டிய அதே கொள்ளிடம் அணையின் 9 ஷட்டர்கள் பெயர்ந்து விழுந்தன. பழைய அணை என்றது அரசு. மணல் கொள்ளை என்றார்கள் விவசாயிகள். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மலையில் மண் தேவைக்கு மேலேயே கரைகிறது. நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு மேலிருந்து கீழாகச் சால் பிடிப்பார்கள். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும், அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஒரு பெருமழையில் மேல்மண் குந்தா அணைக்கோ பில்லூருக்கோ போய்விடுகிறது. தப்பியதைப் பவானிசாகர் பிடித்துக்கொள்கிறது. மேலே வயல் மெலிகிறது, நடுவில் அணை மேடிடுகிறது, கீழே டெல்டாவுக்கு வந்து சேர்வதில்லை. ஒரே மண்ணுக்கு மூன்று இடத்தில் நஷ்டம்.

தூர் வாருவதைப் பற்றிக் கேட்பீர்கள். ஏரி வண்டலைக் கோடையில் மாட்டுவண்டியில் வயலுக்கு அடித்தவர்கள்தான் நாம். ஏரிக்கு அது சரி. மேட்டூருக்கு அத்தனை வண்டி எங்கே பிடிப்பது? மண்ணை அது கிளம்புகிற சரிவிலேயே படிக்கட்டு வயலாக்கிப் பிடித்து நிறுத்துவதுதான் மலிவு.

அடுத்த முறை மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது அதன் நீர்ப்பரப்பை ஒட்டிய பண்ணவாடிக்குப் போய் வாருங்கள். நீரில் மூழ்கியிருந்த நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள், தண்ணீர் விலகிய தரையில் அந்த ஊர்க்காரர்கள் பயிர் வைத்திருப்பார்கள். நல்ல கறுத்த விளைச்சல். தஞ்சாவூருக்கு வர வேண்டிய வண்டல் அது.

வணக்கம்.