மரலிங்கா ஓடுதளம்

நேயர்களுக்கு வணக்கம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடமேற்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, செம்மண் பாலைக்கு நடுவே இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விமான ஓடுதளம் கிடக்கிறது. இடத்தின் பெயர் மரலிங்கா. குண்டுவீச்சு விமானங்களின் பாரத்தைத் தாங்கும்படி 1950-களில் போட்ட தளம். பிரிட்டனின் விஞ்ஞானிகளும் படைவீரர்களும் இங்கே வந்து இறங்கினார்கள். 1956, 57 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏழு அணுகுண்டுகளை வெடித்தார்கள். அதில் ஒன்றை, 1956 அக்டோபர் 11 அன்று, வேலியன்ட் விமானம் 35,000 அடி உயரத்திலிருந்து போட்டது. பிரிட்டன் விமானத்திலிருந்து வீசிய முதல் அணுகுண்டு அதுதான்.

ஆளில்லாத பூமி என்று சொல்லித்தான் இந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அங்குள்ள பழங்குடிகளான அனங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து திரிந்த மண் அது. அவர்களில் பலரை முன்பே தெற்கே யலாட்டா என்ற குடியிருப்புக்கு அனுப்பியாயிற்று. மற்றவர்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள விரல் விட்டு எண்ணக்கூடிய ரோந்து அதிகாரிகள்தான் இருந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகளோ ஆங்கிலத்தில். பாலையில் இவ்வளவு பெரிய தளம் போட முடிந்த அரசுகளுக்கு, அந்த மக்களைத் தேடிப் போய்ச் சொல்ல ஆள் போதவில்லை.

1957 மே மாதம், அந்த ஏழில் மார்க்கூ என்று பெயரிட்ட குண்டு தோண்டிய பள்ளத்தருகே ஒரு குடும்பம் தங்கியிருந்ததைப் படைவீரர்கள் கண்டார்கள். கணவன், கர்ப்பிணி மனைவி, இரண்டு பிள்ளைகள். உடம்பில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார்கள், குளிக்க வைத்தார்கள், வண்டியில் ஏற்றி யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். கூட வந்த நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தாய்க்குக் குழந்தை இறந்தே பிறந்தது. 1980-களில் அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன் அவரே வந்து சாட்சி சொன்னார்.

குண்டுகளைவிட அந்த மண்ணை அதிகம் கெடுத்தவை, 1963 வரை நடத்திய 'சிறு' சோதனைகள்: முழு அணு வெடிப்பு இல்லாமல், குண்டில் சேரும் பொருள்களை எரித்தும் சிதறடித்தும் பார்த்தவை. தாரனாக்கி என்ற இடத்தில் மட்டும் கதிர்வீச்சை உமிழும் புளூட்டோனியம் சுமார் 22 கிலோ சிதறியது. அது பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். 1967-ல் மண்ணை மேலோட்டமாகப் புரட்டிப் போட்டுவிட்டு பிரிட்டன் கிளம்பிவிட்டது. ஒழுங்கான துப்புரவு 1996-ல்தான் தொடங்கியது. மேல்மண்ணைச் சுரண்டி ஆழமான குழிகளில் புதைக்க 2000 வரை ஆயிற்று. சோதனை நடந்த நிலம் 2009-ல்தான் அந்த மக்கள் கைக்குத் திரும்பியது.

இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் சிறு விமானங்கள் அதே ஓடுதளத்தில் இறங்குகின்றன. தாரனாக்கியைச் சுற்றி நட்டிருக்கும் பலகைகளில் இன்று அனங்கு மக்களின் மொழியும் இருக்கிறது: இங்கே வேட்டையாடலாம், குடியிருக்கக் கூடாது.